மறுமொழி: கம்பைலர் ஃபிளாக் = கொடி? ஏவற்குறி?

வணக்கம் நண்பர்களே,

மூலநிரலை இயங்கும் செயலியாக மாற்றும் கம்பைலருக்கு, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நாம் கொடுக்கும் குறிப்புதான் கம்பைலர் ஃபிளாக். அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. "கொடி" என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆம், இல்லை என்று ஒரு நிலையைக் காட்டும் மாறிக்கு அது பொருந்தும். கம்பைலருக்கு நாம் கொடுப்பது வேறு. "-ஜி" என்றால் பிழை தேட உதவும் தகவலைச் சேர். "-டபிள்யூ எர்ரர்" என்றால் எச்சரிக்கையையும் பிழையாகவே எடுத்துக்கொள். எல்லாம் ஏவல் வினை. அதனால்தான் "ஏவற்குறி" என்கிறேன்.

பழைய மேசைக்கணினிச் செயலி ஒன்றை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தபோதுதான் இந்தச் சொல் மனதில் பட்டது. கோப்புகள் எல்லாம் ஒழுங்காகக் கம்பைல் ஆகின. கடைசியில், அந்தக் கோப்புகளை ஒரே செயலியாக இணைக்கும் லிங்கர் வந்து, ஒரே மாறி பல இடங்களில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று நின்றுவிட்டது. பல கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பில், "இதன் வரையறை வேறிடத்தில் இருக்கிறது" என்று சொல்லும் "எக்ஸ்டர்ன்" போடாமல் ஒரு மாறியை அறிவித்திருந்தார்கள். முன்பெல்லாம் ஜிசிசி என்ற கம்பைலர் அந்தப் பிரதிகளை ஒன்றாக்கிவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல், அப்படி ஒன்றாக்காதே என்று சொல்லும் "-எஃப்நோ-காமன்" இயல்பிருப்பாகிவிட்டது. "-எஃப்காமன்" கொடுத்தால் பழைய வழக்கம் திரும்பும், வேலையும் முடியும். ஆனால் எக்ஸ்டர்ன் போட்டு, ஒரே ஒரு கோப்பில் வரையறுப்பதுதான் சரியான திருத்தம்.

"-எஃப்காமன்", "-எஃப்நோ-காமன்" இரண்டையும் தமிழில் எப்படி விளக்குவது? "பொதுவாக்கு", "பொதுவாக்காதே". பள்ளியில் படித்த எதிர்மறை ஏவல் அப்படியே வந்து உட்கார்கிறது. "நோ" வரும் எல்லாவற்றையும் எதிர்மறை ஏவற்குறி என்று சொல்லிவிடலாம். கொடியை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல வழியில்லை.

ஏவல் என்றால் பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். தனிச்சொல்லாக நின்றால் வரலாம். குறி சேர்ந்த பிறகு அந்த வாடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. "கட்டளை" என்ற யோசனையும் நல்லதுதான், ஆனால் கமாண்ட் லைனுக்குக் கட்டளைவரி என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் குழப்பும்.

அப்புறம், சி மொழிக்கான ஏவற்குறிகளை வைக்கும் சிஃபிளாக்ஸ், சி++ மொழிக்கான சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ் போன்ற மாறிப் பெயர்களைத் தயவுசெய்து மொழிபெயர்க்க வேண்டாம். வாசகர் அதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். சி++ செயலிக்கான ஏவற்குறியைச் சிஃபிளாக்ஸில் மட்டும் எழுதிவிட்டு, ஏன் எதுவும் மாறவில்லை என்று நானே ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

லிங்கருக்கான எல்டிஃபிளாக்ஸ் மாறியில் வருபவற்றுக்கு "இணைப்பு ஏவற்குறி" சரியா? லிங்கருக்கு நாம் என்ன சொல் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதையும் இந்த இழையிலேயே முடித்துவிடலாம்.