விவசாயத் தொழிலாளர் உரிமை: ஊரறியச் சொன்னால் ஏதாவது மாறுமா?

நடுவெயில்:
பனியில் நனைந்த புகையிலையைப் பறிக்கும்போது நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும், வாந்தியும் தலைசுற்றலும் ஆளைச் சாய்த்துவிடும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிகரெட் பெட்டியின் மேல் புகைப்பவருக்கு எச்சரிக்கை இருக்கிறது, பறித்தவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதையெல்லாம் ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கணக்கன்:
சொல்லி? "ஐயோ பாவம்" என்று பகிர்ந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். சட்டம் வேண்டும். அமெரிக்காவில் 1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது விவசாயத் தொழிலாளர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். கூடுதல் நேரக் கூலி அந்த மத்தியச் சட்டத்தின்படி அவர்களுக்கு இன்றைக்கும் இல்லை.

நடுவெயில்:
சட்டம் தானாக வராது நண்பரே. 1965-ல் கலிபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் முதலில் வேலையை நிறுத்தினார்கள், பிறகு செசார் சாவேஸ், டொலோரஸ் உவெர்தா சங்கத்தினர் சேர்ந்தார்கள். எங்கோ நகரத்தில் இருந்தவர்கள் திராட்சை வாங்க மறுத்ததால்தான் 1970-ல் தோட்ட முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். 1975-ல் கலிபோர்னியாவில் குட்டைப் பிடிக் களைக்கொத்துக்கும் தடை வந்தது. அந்தக் கொத்தை ஏன் கொடுத்தார்கள் தெரியுமா, அதை வைத்து நிமிர்ந்து நின்று வேலை செய்யவே முடியாது, அதனால் யாராவது நிமிர்ந்தால் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகு போனது எத்தனை பேருக்கோ.

வரப்போரம்:
நான் சிறு விவசாயி, என் வயலில் நானும் குனிகிறேன். கூலியைக் கூட்டு என்று என்னிடம் சொல்வது சுலபம், விளைச்சலுக்கு விலை சொல்வது நானா? மொத்தமாக வாங்குகிறவன் சொல்கிறான். உங்கள் பிரசாரம் முழுக்க என்னை வில்லனாக்குவதில்தான் முடிகிறது.

நடுவெயில்:
அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். ஃபுளோரிடாவில் இம்மொகாலி தக்காளித் தொழிலாளர்களும் வாங்குகிறவனைத்தான் பிடித்தார்கள். ராத்தலுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு என்று 2001-ல் தக்காளி வாங்கும் துரித உணவு நிறுவனமான டாகோ பெல்லைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள், 2005-ல் அந்த நிறுவனம் இறங்கி வந்தது. 2011 முதல் அது தோட்டங்களில் முழுத் திட்டமாகவே நடக்கிறது: நிழல், தண்ணீர், புகார் சொன்னவரை வேலையை விட்டுத் துரத்தக் கூடாது. மீறுகிற தோட்டத்திடம் பெரிய நிறுவனங்கள் வாங்க மாட்டோம் என்று ஒப்பந்தம். கூடுதல் காசு விவசாயி தலையில் விழவில்லை.

கணக்கன்:
அப்போது வேலை செய்தது ஒப்பந்தம், விழிப்புணர்வு இல்லை. விவசாய வேலைப் பாதுகாப்புக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2001-லேயே 184-ஆம் உடன்படிக்கை போட்டது, அதை ஏற்ற நாடுகள் கொஞ்சம்தான்.

நடுவெயில்:
அந்த உடன்படிக்கை இருப்பதே வெளியே தெரியாது, அப்புறம் அரசை யார் கேட்பார்கள்? கூடைக் கணக்கில் கூலி வாங்குகிறவர் தண்ணீர் குடிக்கப் போனால் ஒரு கூடை குறையும், அதனால் உச்சி வெயிலிலும் தாகத்தோடு பறிக்கிறார். இது தெரிந்த மக்கள் கேட்டால்தான் நிறுவனம் ஒப்பந்தத்துக்கே வரும்.

வரப்போரம்:
சரி, அந்த மாதிரித் திட்டத்தில் என்னைப் போல இரண்டு ஏக்கர்க்காரனுக்கு இடம் இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.