கைக்குழந்தையும் பாதியில் நிற்கும் நிரலும்: கிடைக்கும் சிறு இடைவெளிகளில் ஒரு பதிவுப் பக்கத்தை எழுதி முடிப்பது எப்படி?

இரவுநிரலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் முதல் குழந்தைக்கு இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருக்கிறது. என் பிழைப்பு வேறு துறையில். இணையப் பக்கங்கள் எழுதுவது பல ஆண்டுகளாக நான் விரும்பிச் செய்துவரும் பொழுதுபோக்கு. குழந்தை எப்போது பால் குடித்தது, எவ்வளவு நேரம் உறங்கியது, டயப்பர் எப்போது மாற்றப்பட்டது என்பவற்றைக் குறித்துவைக்க ஒரு சிறு பக்கத்தை எழுதத் தொடங்கினேன். இதற்கென ஆயத்தச் செயலிகள் ஏராளமாக இருக்கின்றன என்பதை அறிவேன். ஆனால் குழந்தையைப் பற்றிய விவரங்களை முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் சர்வரில் சேர்த்துவைக்க எனக்கும் மனைவிக்கும் விருப்பமில்லை. நான் கற்றது வீட்டுக்கு உதவட்டும் என்ற ஆசையும் உண்டு.

மூன்று இடங்களில் தடைபட்டு நிற்கிறேன். முதலாவதாக, பதிவுகள் லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது உலாவி அந்தந்தக் கைபேசியிலேயே வைத்திருக்கும் சேமிப்பிடத்தில், சேர்கின்றன. அதனால் மனைவி தன் கைபேசியில் குறிப்பது என் கைபேசியில் தெரிவதில்லை, இரண்டிலும் பாதிப் பாதிக் கணக்குதான் இருக்கிறது. இரண்டாவதாக, பால் கொடுக்கும் நேரத்தை அளக்கும் கடிகாரம், திரை அணைந்து மீண்டும் ஒளிரும்போது பின்தங்கிவிடுகிறது. மூன்றாவதுதான் பெரிது. ஆற அமர உட்கார்ந்து நிரல் எழுதும் பொழுது இப்போது கிடைப்பதில்லை. குழந்தை உறங்கும் இடைவெளியில் மடிக்கணினியைத் திறந்தால், விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துச் சிந்தனை ஓடத் தொடங்குவதற்குள் அழுகுரல் கேட்டுவிடுகிறது. இந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? தொடர்வது தகுமா, அல்லது சில மாதங்களுக்கு மூட்டை கட்டி வைப்பதே நல்லதா?


மகிழம்பூ எழுதியது:

பெற்றோர் இருவருக்கும் என் வாழ்த்துகள். நான் ஒரு தாய். இணைய இடைமுகங்களை வடிவமைப்பது என் தொழில். தொழில்நுட்பக் கேள்விகளுக்குள் போவதற்கு முன், அந்தப் பக்கம் எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்பதை உங்கள் மனைவியிடம் கேட்டுத் தீர்மானியுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். தாய்ப்பால் கொடுக்கும் வீட்டில் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்காருபவள் தாய்தான். அரைத்தூக்கத்தில் இருக்கும் அவளுக்கு வரைபடமும் சராசரியும் பயன்படாது. கடைசியாக எப்போது கொடுத்தோம், இடப்புறமா வலப்புறமா என்ற இரண்டு விவரங்கள், பக்கத்தைத் திறந்தவுடன், எதையும் தொடாமலே, பெரிய எழுத்தில் தெரிந்தால் போதும்.

டயப்பர் கணக்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். முதல் வாரத்தின் முடிவிலிருந்து நாளொன்றுக்கு ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட முறை டயப்பர் நனைந்தால், பால் போதிய அளவு கிடைக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். மருத்துவரும் பெரும்பாலும் அதைத்தான் முதலில் விசாரிப்பார். என் கணவர் இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது, எப்போது குடித்தது என்று என்னை எழுப்பிக் கேட்காமல் தாமே பார்த்துத் தெரிந்துகொண்டார் என்பதே எங்கள் பதிவேட்டால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை. நாங்கள் வைத்திருந்தது ஒரு காகிதக் குறிப்பேடு. உங்கள் பக்கம் அந்தக் குறிப்பேட்டைவிட விரைவாகத் திறக்க வேண்டும், விரைவாகப் பதிய வேண்டும். அப்படி இல்லையென்றால் உங்கள் மனைவி அதைப் பயன்படுத்தமாட்டார், பயன்படுத்தும்படி நாம் கேட்பதும் நியாயமில்லை.

பொத்தான்களின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 2023இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.2ஆம் பதிப்பு, தொடக்கூடிய பகுதி குறைந்தது 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. அதன் உயர்நிலைக்கு 44 பிக்சல் வேண்டும். குழந்தையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் இருட்டில் தொடுபவருக்கு 44 பிக்சலும் போதாது. திரையின் கீழ்ப்பாதி முழுவதையும் இரண்டு மூன்று பொத்தான்களுக்கே கொடுத்துவிடுங்கள். ‘உறுதியாகப் பதியலாமா’ என்று கேட்கும் பெட்டி வேண்டாம். தொட்டவுடன் பதிந்துவிடட்டும், தவறுதலாகத் தொட்டிருந்தால் நீக்குவதற்கான வழி சற்று நேரம் திரையில் நிற்கட்டும். பின்னணி கறுப்பாக இருக்கட்டும். வெள்ளைத் திரையின் ஒளியில் தாயும் விழித்துக்கொள்வாள், குழந்தையும் விழித்துக்கொள்ளும்.


கற்றூண் எழுதியது:

கடிகாரத்தை முதலில் முடித்துவிடலாம். ஒவ்வொரு நொடிக்கும் ஒன்றைக் கூட்டி எண்ணுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பின்னணிக்குப் போன பக்கத்தின் டைமர்களை உலாவி மட்டுப்படுத்தும். திரை அணைந்தால் கைபேசி அவற்றை அடியோடு நிறுத்தியும் வைக்கும். ஆகவே எண்ணாதீர்கள். தொடங்கிய நேரத்தை மட்டும் சேமித்துவிட்டு, திரையில் காட்டும்போதெல்லாம் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்துக் காட்டுங்கள். பக்கம் மீண்டும் கண்ணுக்குத் தெரியும்போது உலாவி அனுப்பும் நிகழ்வைக் கேட்டு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டால் போதும். நேரங்களை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில், மில்லிநொடிகளாகச் சேமியுங்கள். நாள்வாரியாகப் பெட்டி பிரித்துச் சேமிக்காதீர்கள், ஏனெனில் குழந்தையின் உறக்கம் நள்ளிரவைத் தாண்டிப் போகும். எந்த நாளில் சேர்ப்பது என்பதைக் காட்டும் இடத்தில் தீர்மானித்துக்கொள்ளலாம்.

இரண்டு கைபேசிகளின் கணக்கை ஒன்றாக்குவதுதான் சுவையான பகுதி. இதை முதலிலேயே சரியாக அமைத்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை. ‘இன்று ஐந்து முறை’ என்பதுபோன்ற தொகையை எங்கும் சேமிக்கக் கூடாது. நடந்தவற்றை மட்டும் சேமியுங்கள்: இன்ன நேரத்தில், இன்னது நடந்தது, இன்னார் குறித்தார். குறிக்கும்போதே அந்தக் கைபேசியே ஒவ்வொரு பதிவுக்கும் தற்போக்கான ஓர் அடையாள எண்ணை இட்டுவிட வேண்டும். அதற்கான வசதி உலாவிகளிலேயே இருக்கிறது, எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பின் வழியாகத் திறந்த பக்கமாக இருந்தால் போதும். ஒருமுறை எழுதிய பதிவை மாற்றவே கூடாது. திருத்தம் வேண்டுமானால், ‘அந்தப் பதிவு செல்லாது’ என்று சொல்லும் இன்னொரு பதிவை எழுதுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு கைபேசிகளையும் ஒத்திசைப்பது என்பது இரண்டு பட்டியல்களைச் சேர்த்து, ஒரே எண் இருமுறை வந்தால் ஒன்றை விடுவது மட்டுமே. முரண்பாடு தோன்ற இடமே இல்லை. இணைப்பு அறுந்து அதே பதிவு மறுபடி அனுப்பப்பட்டாலும் கெடுதல் இல்லை.

சர்வர் பக்கத்தில் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையும், ‘இதைப் பெற்றுக்கொள்’, ‘இந்த எண்ணுக்குப் பிறகு வந்தவற்றைக் கொடு’ என்ற இரண்டு முகவரிகளும் போதும். அந்த எண் சர்வர் தானே இடும் வரிசை எண்ணாக இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். கைபேசி நேரத்தை வைத்து ‘இதற்குப் பிறகு’ என்று கேட்டால், இணைப்பு இல்லாதபோது குறிக்கப்பட்டுத் தாமதமாக வந்து சேரும் பதிவுகள் மற்றவர் கண்ணில் படாமலே போய்விடும். பயனர் கணக்கு, பதிவுப் படிவம், கடவுச்சொல் மீட்பு எதுவும் வேண்டாம். இருவரும் பகிர்ந்துகொள்ளும் நீளமான ஒரு கடவுச்சொல் போதும். தனியுரிமைக்காகத்தானே சொந்தமாக எழுதுகிறீர்கள், எனவே வெளியார் தரும் வருகைக் கணக்கிடும் நிரல் எதையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

சர்வரே வேண்டாம் என்று தோன்றினால், பழைய கைபேசி ஒன்றைக் குழந்தை உறங்கும் அறையிலேயே வைத்து இருவரும் அதில் மட்டும் குறித்துவரலாம். ஒத்திசைவுச் சிக்கலே எழாது.


இரவுநிரலர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியிடம் கேட்டேன். மகிழம்பூ சொன்ன அந்த இரண்டு விவரங்களைத்தான் அவரும் சொன்னார். கூடவே, மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டு இன்று கொடுத்தாயிற்றா என்பது தெரிய வேண்டும் என்றார். அவர் கொடுத்ததை அறியாமல் நானும் கொடுத்துவிடக் கூடாதல்லவா. நான் ஆசையாக வரைந்துவைத்திருந்த வரைபடப் பகுதியை எடுத்துவிடுகிறேன். மாறாத பதிவுகள் என்ற அமைப்பு நன்றாகப் புரிகிறது, அப்படியே எழுதப்போகிறேன். மூன்றாவது கேள்விக்கு, அதாவது நேரத்தைப் பற்றி, யாராவது வழி சொன்னால் மகிழ்வேன்.


இரட்டையர்தந்தை எழுதியது:

ஒரே சமயத்தில் இரண்டு குழந்தைகளை வளர்த்தவன் என்ற முறையில் நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். கேட்பதற்கு நிறைய நேரம்போல் இருந்தாலும் அது துண்டு துண்டாகத்தான் வரும். இரவு பகல் வேறுபாடு உடலில் பதியத் தொடங்குவது ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள். ஆகவே நீங்கள் இருப்பது இந்தக் காலத்தின் மிகக் கடினமான பகுதியில். இது இப்படியே நீடிக்காது. அதுவரை குழந்தை உறங்கும் நேரம் முதலில் மனைவியின் உறக்கத்துக்கும், அடுத்து உங்கள் உறக்கத்துக்கும், மீதமிருந்தால் மட்டும் நிரலுக்கும் என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை கட்ட வேண்டியதில்லை. விரும்பிச் செய்யும் வேலை ஒன்று கையில் இருப்பது இந்த மாதங்களில் மனத்துக்குத் தெம்பு தரும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் ஒரே ஒரு வேலை. மற்ற பக்கங்கள் ஏதேனும் நடத்திவந்தால் அவற்றைச் சர்வர் நிரல் தேவைப்படாத வெறும் கோப்புகளாக மாற்றிவிடுங்கள். 1991இல் வெளியான முதல் இணையப் பக்கம் இன்றைய உலாவிகளிலும் திறக்கிறது; இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் எளிமையாக இருந்தால் நம்மிடம் பராமரிப்பு எதையும் கேட்பதில்லை. பதிவுப் பக்கத்துக்கும் பிரேம்வொர்க் எனப்படும் ஆயத்த நிரல் சட்டகம் வேண்டாம் என்பது என் கருத்து. பல நாள் கழித்துத் திறக்கும்போது, கிடைத்த நேரம் முழுவதும் அது சார்ந்திருக்கும் பிறரது நிரல் தொகுப்புகளைப் புதுப்பிப்பதிலேயே கரைந்துவிடும்.

விட்ட இடத்தைத் தேடுவதில்தான் நேரம் போகிறது என்றீர்கள். அதற்கு வழி, தொடங்கும்போது அல்ல, நிறுத்தும்போது இருக்கிறது. எழுந்து போகும்முன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில், கோப்பின் உச்சியில், தமிழிலேயே எழுதிவையுங்கள். ‘அடுத்து சரிசெய்க’ என்று எழுதினால் பிறகு புரியாது. ‘சொட்டு மருந்துப் பொத்தானைத் தொட்டால் பதிவு சேர்கிறது, ஆனால் மேலே காட்டும் வரி மாறவில்லை, காட்டும் செயற்கூற்றை அங்கே அழைக்க வேண்டும்’ என்று எழுத வேண்டும். நிரல் ஓடாத நிலையில் இருந்தாலும், நிரலின் மாற்றங்களைக் காத்துவைக்கும் கிட் கருவியில், மூல நிரலிலிருந்து பிரிந்த ஒரு தனிக் கிளையில் கமிட் செய்துவிடுங்கள், அதாவது அந்த நிலையைப் பதிந்துவிடுங்கள். கிட்டில் கிளைகள் மலிவானவை, இத்தகைய அரைகுறை வேலையைத் தாங்குவதற்கும் அவை உதவும். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும், இப்போதைக்குத் தோல்வியடையும் ஒரு சோதனை நிரலை எழுதி விட்டுச் செல்வது அதைவிடச் சிறந்தது, ஏனெனில் திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தவுடன் அதுவே இடத்தைக் காட்டிவிடும்.

சிந்தனை வேலையைக் கணினி முன் செய்யாதீர்கள். குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யும்போதும், தூங்கவைக்க நடக்கும்போதும் தரவின் அமைப்பை மனத்திலேயே யோசித்துவிடலாம். உட்காரும்போது தட்டச்சு மட்டும் மிஞ்சும். நள்ளிரவில் எழுதியதை நள்ளிரவிலேயே சர்வரில் ஏற்றாதீர்கள். பக்கம் உடைந்தால் அதனால் அவதிப்படுபவர் குழந்தையோடு விழித்திருக்கும் உங்கள் மனைவிதான். பகலில், நீங்களும் தெளிவாக இருக்கும்போது ஏற்றுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்டு சோபாவில் அமர்ந்து மடிக்கணினியைப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தூக்கமில்லாத தந்தை அப்படியே கண்ணயர்ந்துவிடுவது மிக எளிது; சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையோடு உறங்கிப்போவது மிகவும் ஆபத்தானது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. குழந்தையைத் தலையணையும் போர்வையும் இல்லாத, சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்த பிறகே கணினியைத் திறவுங்கள்.


கற்றூண் எழுதியது:

முன்பு சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். 2020 முதல் சஃபாரி உலாவியில், தொடர்ந்து ஏழு நாள் உலாவியைப் பயன்படுத்தியும் ஒரு தளத்தின் பக்கத்தை நீங்கள் தொடவில்லையென்றால், அந்தத் தளத்தின் நிரல் சேமித்தவற்றை அது அழித்துவிடும். இப்போது நாள்தோறும் பயன்படுத்துவதால் கவலை இல்லை. குழந்தை வளர்ந்து, எடை நன்றாக ஏறி, குறிப்பதை நிறுத்திய பிறகுதான் பதிவுகள் காணாமற்போகும். ஐபோனின் முகப்புத் திரையில் சேர்த்த பக்கத்துக்கு இந்த அழிப்பு பொருந்தாது. ஆனால் அதற்குத் தனிச் சேமிப்பிடம் என்பதால், உலாவியில் இதுவரை குறித்தவை அதில் தெரியாது. எனவே எல்லாப் பதிவுகளையும் ஒரு கோப்பாக இறக்கித் தரும் பொத்தானையும், அந்தக் கோப்பை மீண்டும் ஏற்றும் பொத்தானையும் ஒத்திசைவுக்கு முன்பே எழுதிவிடுங்கள். இப்போது பிரிந்து கிடக்கும் இரண்டு கணக்குகளையும் அதைக்கொண்டே சேர்த்துவிடலாம். பழைய பதிவுகளுக்கு அடையாள எண் இருக்காது. அந்தந்தக் கைபேசியிலேயே ஒரே ஒரு முறை எண்களை இட்டு, சேமித்த பின்னர் கோப்பை எடுங்கள். இறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய எண் இட்டால், மறுபடி ஏற்றும்போது எல்லாப் பதிவுகளும் இரட்டிப்பாகிவிடும்.