புதுப்பிப்பு: காகித விக்டரி, நிறமும் கயிறும்

காகிதத்தில் செய்துவரும் எச்எம்எஸ் விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் மாதிரியின் பக்கப் பட்டைகள் எலுமிச்சை மஞ்சளாக உறுத்துவதாகப் போன பதிவில் எழுதியிருந்தேன். மாற்றிவிட்டேன். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் நிற்கும் அசல் கப்பலுக்கே, பழைய பெயின்ட் அடுக்குகளை ஆராய்ந்து, 1805 டிராஃபால்கர் போர்க்கால நிறத்தை 2015இல் அடித்தார்கள். இளஞ்சிவப்பு கலந்த வெளிர் மஞ்சள். அதையே கலந்து பூசினேன், அவ்வளவு அழகு! மாதிரியின் அடிப்பகுதிச் செம்புத் தகடு சரியாகவே இருக்கிறது, அசல் கப்பலில் அதை 1780இலேயே பொருத்திவிட்டார்கள்.

அப்புறம் கயிறுகள். எல்லாவற்றுக்கும் கறுப்பு நூல் கட்டியிருந்தேன், அது தவறு. பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் நிலையான கயிறுகளுக்குத்தான் தார் பூசுவார்கள். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு. அவற்றை மட்டும் அறுத்துவிட்டு, தேன்மெழுகில் இழுத்த பழுப்பு நூலைக் கட்டுகிறேன். மெழுகு பட்டதும் பிசிறு படிந்து, நிஜக் கயிறு மாதிரியே தெரிகிறது. முன் பாய்மரம் முடிந்தது, இன்னும் இரண்டு.