பனி உருண்டையில் நீர் கலங்குகிறது, வழி சொல்லுங்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் இருக்கிறேன். அக்காள் மகளுக்காக ஜாம் பாட்டிலில் பனி உருண்டை (குலுக்கினால் உள்ளே பனி பொழிவதுபோல் தெரியும் ‘ஸ்னோ குளோப்’) செய்கிறேன். உள்ளே, இங்குள்ள கொடிமலையில் ஏறும் ரயில் பெட்டியின் சிறு உருவம். (பினாங்கில் ஏது பனி என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.) மூடிய ஓரிரு நாளில் நீர் பால்போல் வெளுத்துவிடுகிறது.

பாட்டில் 300 மில்லி. காய்ச்சி வடித்த நீர், மருந்துக்கடை கிளிசரின், பிளாஸ்டிக் மினுக்குத் தூள். பெட்டி, காற்றில் உலரும் களிமண்ணால் ஆனது. மேலே அக்ரிலிக் வண்ணம், வார்னிஷ். மூடியில் எபாக்சி பசையால் ஒட்டியிருக்கிறேன்.

தூள் மிதந்தது, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டதும் அமிழ்ந்தது. பாட்டிலைக் கொதிநீரில் கழுவினேன், கிளிசரினைக் குறைத்தேன், தூளையும் மாற்றினேன். கலங்கல் போகவில்லை. பெட்டியில்லாமல் அதே கலவையை வைத்தால் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே என் சந்தேகம் களிமண்மீதுதான்.

நீரிலேயே கிடந்தாலும் இந்தக் களிமண் கரையாதிருக்க, இங்குள்ள கடைகளில் கிடைக்கும் எந்தப் பூச்சைப் பூசலாம்?