நிற்கும்போது உடம்பு ஆடுவதற்கு ஒரு சொல் வேண்டும்

மடல் 1, மயிலாப்பூரிலிருந்து

அன்புள்ள கலைச்சொல் குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

வயதானவர்கள் விழாமல் இருக்க உதவும் ஒரு கைபேசிச் செயலியின் திரைச்சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் சிக்கல் இல்லை. சமநிலை, உணரி (சென்சார்), முடுக்கமானி (ஆக்சலரோமீட்டர்) எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை. மாட்டிக்கொண்டது ‘போஸ்ச்சுரல் ஸ்வே’ என்ற இடத்தில்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ‘ஆடாமல் அசையாமல் நில்’ என்று பள்ளியில் சொல்வார்களே, அப்படி யாராலும் நிற்க முடியாது. கணுக்காலை அச்சாகக் கொண்டு உடம்பு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். கெண்டைக்கால் தசைகள் அதை ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கும். கண், உட்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கிற உணர்வு நரம்புகள் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் மூளைக்குத் தகவல் போகிறது. வயதாக ஆக மூன்றுமே மங்கும். கண்புரை வந்தால் ஒன்று போச்சு. பல ஆண்டுச் சர்க்கரை நோய் பாத உணர்வைத் தின்றுவிடும். அப்போது இந்த ஆட்டம் கூடுகிறது. கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் கூடுகிறது.

ஆய்வகங்களில் இதை அளக்கத் தரையில் விசைத் தட்டு, அதாவது பாதம் அழுத்தும் விசையை அளக்கும் தட்டு, பதித்திருப்பார்கள். கைபேசியில் அதே வேலையை முடுக்கமானியும் சுழற்சிமானியும் (ஜைரோஸ்கோப்) செய்கின்றன. கைபேசியைப் பட்டையால் இடுப்பில் கட்டிக்கொண்டோ, இரு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டோ 30 நொடி நிற்க வேண்டும். முடுக்கமானி புவியீர்ப்பை எப்போதும் உணர்ந்துகொண்டிருக்கும் கருவி. உடம்பு இம்மி சாய்ந்தாலும் அந்த ஈர்ப்பின் 9.8 என்ற மதிப்பு கைபேசியின் மூன்று அச்சுகளுக்கும் பிரியும் பங்கு மாறிவிடும். எவ்வளவு விரைவாகச் சாய்கிறது என்பதைச் சுழற்சிமானி சொல்லும். நொடிக்கு 50, 100 தடவை என்று இதைக் குறித்துக்கொண்டே போனால் ஆட்டத்தின் அளவு கிடைத்துவிடும்.

இதற்கு என்ன சொல் வைப்பது? எனக்குத் தோன்றியவை:

தள்ளாட்டம். பொருள் கச்சிதம். ஆனால் டாஸ்மாக் வாசல் நினைவுக்கு வருகிறது.
தடுமாற்றம். பேச்சிலும் மனத்திலும்கூடத் தடுமாறலாம். தவிர இது விழப்போகும் கணத்துக்கு உரிய சொல்.
ஊசலாட்டம். கட்சி மாறுகிறவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.
உடலலைவு. என் ஓட்டு இப்போதைக்கு இதற்கு.
நிற்பாட்டம். நிற்பு + ஆட்டம். இலக்கணப்படி சரிதான், ஆனால் வாய்விட்டுச் சொன்னால் ‘நிப்பாட்டு’ என்று யாரோ அதட்டுவது போல இருக்கிறது.

கூடவே இன்னொன்று. ‘ஃபால்’ என்பதற்கு முன்பு இக்குழுவில் ‘வீழ்ச்சி’ என்று எழுதியிருந்தோம். ‘வீழ்ச்சித் தடுப்பு’ என்றால் பங்குச்சந்தைச் செய்தி மாதிரி இருக்கிறது. ‘விழுகை’ என்று மாற்றலாமா? 65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. (விழுகிறவர்களின் விழுக்காடு! தமிழ் சில சமயம் தானாகவே சிலேடை பேசும்.)

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

மடல் 2, பல்லாவரத்திலிருந்து

ஐயா, வணக்கம்.

நான் இயன்முறை மருத்துவர். இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஆனால் நீங்கள் தேடுகிற சொல்லை தினமும் வாயால் சொல்ல வேண்டியவள் நான் என்பதால் எழுதுகிறேன்.

தள்ளாட்டம் வேண்டவே வேண்டாம். குடி ஒரு காரணம்தான். அதைவிட, ‘தள்ளாத வயசு’ என்று ஒரு பேச்சு இருக்கிறதே, வீட்டில் எல்லாரும் ஒதுக்கி வைக்கும்போது சொல்வது, அதுதான் பெரியவர்களுக்கு உறைக்கும். விழுந்துவிடுவோமோ என்ற பயமே விழவைக்கும் காரணங்களில் ஒன்று. பயந்தவர் நடையைக் குறைக்கிறார். நடை குறைந்தால் தொடைத்தசை வற்றுகிறது. தசை வற்றினால் அடுத்த தடவை தடுக்கும்போது தாங்கிக்கொள்ள முடிவதில்லை. ‘உங்களுக்குத் தள்ளாட்டம் அதிகம்’ என்று ஒரு திரை சொன்னால், அந்த அம்மா மறுநாள் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு நடக்கப் போவதை நிறுத்திவிடுவார். உதவ வந்த செயலியே கெடுத்ததாகும். சொல் துல்லியமாக இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள், சரி. அந்தச் சொல்லை 78 வயதுக்காரர் தனியாக உட்கார்ந்து படிப்பார் என்பதையும் பாருங்கள்.

முதியோர் மருத்துவத்துக்கு ‘மூப்பியல்’ என்று ஒரு சொல் உண்டு. நல்ல சொல்தான், ஆனால் யார் அந்தப் பலகையின் கீழே போய் வரிசையில் நிற்பார்கள்? சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் இந்தத் துறையைத் தொடங்கினார். 2024-இல் கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய மருத்துவமனையே வந்துவிட்டது. அதை எல்லாரும் ‘முதியோர் நல மருத்துவமனை’ என்றுதான் சொல்கிறார்கள். நலம் என்ற சொல் இருப்பதால் கூசாமல் சொல்ல முடிகிறது.

‘அலைவு’ வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. ‘அலைச்சல் அதிகமா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். நாங்கள் சிகிச்சை அறையில் ‘அசைவு’ என்கிறோம். ‘போன வாரத்தைவிட அசைவு குறைஞ்சிருக்கு பாட்டி’ என்றால் சிரிக்கிறார்கள். மயிலாப்பூரில் மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும், ‘அசைவமா?’ என்று காதில் விழும்.

அப்புறம் ‘விழுகை’ பற்றி. கைபேசி செய்வது இரண்டு வேறு வேலைகள், அவை ஒரே சொல்லில் கலந்துவிடக் கூடாது. ஒன்று, விழுந்த பிறகு கண்டுபிடிப்பது. உடம்பு விழும்போது முடுக்கமானியின் அளவு பூச்சியத்தை நோக்கி இறங்கும், தரையில் மோதியதும் சட்டென்று எகிறும், பிறகு அசைவில்லாமல் கிடக்கும். இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தால் மகனுக்கோ மகளுக்கோ அழைப்பு போகும். இன்னொன்று, விழுவதற்கு மாதக்கணக்கில் முன்பே காலில் வலு குறைவதைச் சொல்வது. எங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு போன் அடித்து என்ன ஆகப்போகிறது?

எலும்பு மட்டுமில்லை, எப்படி விழுந்தார் என்பதும் முக்கியம். தமிழில் இதற்கு வினையெச்சமே போதும். தடுக்கி விழுந்தார் என்றால் கால்மிதியையோ நடைபாதையில் பெயர்ந்த கல்லையோ பார்க்க வேண்டும். வழுக்கி விழுந்தார் என்றால் குளியலறைத் தரை. எழுந்தவுடன் தலை சுற்றி விழுந்தார் என்றால் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தால் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுகிறவர்கள் தனி ரகம். இது எதையும் முடுக்கமானி சொல்லாது. ஆகவே செயலியில் ‘எப்படி விழுந்தீர்கள்?’ என்று ஒரு கேள்வி இருந்தால், அதற்குப் பெயர்ச்சொல் தேடாதீர்கள். ‘தடுக்கி’, ‘வழுக்கி’, ‘தலை சுற்றி’, ‘கால் மடங்கி’ என்று நான்கு பொத்தான் வையுங்கள்.

இன்னொரு நடைமுறை. நடக்கும்போது அளக்கிற செயலிகள் கைபேசி இடுப்புப் பக்கம், கால்சட்டைப் பையில் இருக்கும் என்று எண்ணிக்கொள்கின்றன. நம் ஊரில் புடவைக்கும் நைட்டிக்கும் பை ஏது? தாத்தாக்கள் சட்டைப் பையில் வைப்பார்கள். அது நெஞ்சின் மேல் தனியாக ஊஞ்சலாடும். வீட்டுக்குள் வந்ததும் கைபேசி டிவி பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். ‘கைபேசியை உடலில் அணியவும்’ என்று மொழிபெயர்த்திருந்தால் ஒருவருக்கும் புரியாது. ‘இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்’ என்று நேராகவே போடலாம். கூடவே ‘பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், கைக்கெட்டும் தூரத்தில் சுவரோ கனமான நாற்காலியோ இருக்கட்டும்’ என்ற வரி கட்டாயம் வேண்டும், கண்ணை மூடிச் செய்யும் சோதனைக்கு முன்னால்.

மடல் 3, அம்பத்தூரிலிருந்து

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒரே ஒரு குறிப்பு. பதினோராம் வகுப்புப் பாடநூலில் ‘அலைவுகள்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. அலைவு என்றால் ஒரு நடுநிலையைச் சுற்றித் திரும்பத் திரும்ப நடக்கும் இயக்கம். அலைவு நேரம், வீச்சு என்று கணக்குப் போடுவோம். மனிதன் நிற்கும்போது ஆடுவதற்கு அப்படி ஒழுங்கான கால அளவு கிடையாது. எனவே உடலலைவு குழப்பும். ‘அசைவு’ என்று தனியாக வைத்தால் கையை ஆட்டுவதும் அசைவுதான். முன்னொட்டு ஒன்று தேவை. ‘நிற்பசைவு’ என்று பார்த்தேன், கண் அதை ‘பசை’ என்று பிரித்துப் படிக்கிறது.

மடல் 4, மயிலாப்பூரிலிருந்து

நண்பர்களுக்கு நன்றி. அம்மா, நீங்கள் இனிமேலும் எழுத வேண்டும்.

இப்போது வைத்திருப்பது ‘நிலையசைவு’. ஒரே நிலையில் நிற்கும்போது உண்டாகும் அசைவு. ‘பேட்டரி நிலை’ என்பது போன்ற இடங்களில் நிலைக்கு வேறு பொருள் உண்டு என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அசைவோடு சேரும்போது அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஆனால் இது கலைச்சொல் பட்டியலுக்கும், மருத்துவருக்குப் போகும் அறிக்கைக்கும் மட்டும். பெரியவர் பார்க்கும் திரையில் ‘நிற்கும்போது அசைவு’ என்றே வரும். இரண்டு இடத்திலும் ஒரே சொல் இருக்க வேண்டும் என்று சிலர் வாதிடுவீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கலைச்சொல் துறைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு. வீட்டில் இருக்கிறவரை அதைப் படிக்கவைப்பது நமக்கு வசதி, அவருக்கில்லை.

‘வாக்கிங் ஸ்டெடினஸ்’ என்று ஐபோனில் 2021 முதல் ஓர் அளவு இருக்கிறது. சரி, குறைவு, மிகக் குறைவு என்று மூன்று படி. நம் செயலியிலும் அதே போன்ற அளவு உண்டு. ‘நடையுறுதி’ என்று போட்டிருந்தேன். ‘நடைத்திடம்’ ஆக்குகிறேன். ‘இன்னும் திடமாத்தான் நடக்கிறார்’ என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. ‘தடம்’ என்று தவறாகப் படிக்கப்படலாம் என்ற அச்சம் உண்டு, எழுத்தைப் பெரிதாகப் போட்டால் தீரும்.

விழுந்த பின் அழைப்பு போவது ‘விழுந்தால் அழைப்பு’. முன்கூட்டியே காப்பது ‘விழாமல் காப்பு’. பட்டியலுக்கு மட்டும் விழுகை அறிதல், விழுகைத் தடுப்பு. ‘விழும் அபாயம் அதிகம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘கால் வலுவுக்குப் பயிற்சி தேவை. மருத்துவரிடம் இதைக் காட்டுங்கள்’ என்று மாற்றச் சொல்லிச் செயலியை எழுதுகிறவர்களிடம் கேட்டிருக்கிறேன். மூலத்தில் அப்படி இல்லையே என்றார்கள். மூலத்தையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை. கைபேசியே நேரத்தைக் குறித்துக்கொள்ளும்; 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. 1991-இல் வந்த சோதனை இது, ‘டைம்ட் அப் அண்ட் கோ’ என்று பெயர். ‘எழுநடைச் சோதனை’ என்று நானும், ‘எழுந்து நட’ என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறோம். அம்மா, உங்கள் சிகிச்சை அறையில் இதை எப்படிச் சொல்வீர்கள்?

மடல் 5, பல்லாவரத்திலிருந்து

பெயரெல்லாம் வைத்ததில்லை ஐயா. ‘எழுந்திருங்க, அந்தக் கோடு வரைக்கும் நடங்க, திரும்பி வந்து உட்காருங்க, அவசரம் வேண்டாம்’ என்போம். ‘அவசரம் வேண்டாம்’ என்பதை மறந்துவிடாதீர்கள். நேரம் பார்க்கிறோம் என்று தெரிந்தாலே சில தாத்தாக்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.

மடல் 6, மயிலாப்பூரிலிருந்து

பட்டியலில் ‘எழுநடைச் சோதனை’. திரையிலும் குரலிலும் நீங்கள் சொன்ன வாக்கியம் அப்படியே, ‘அவசரம் வேண்டாம்’ உட்பட. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை கோப்பை ஏற்றிவிடுகிறேன்.