எலியட் நெஸ்: கிளீவ்லாந்தில் சாதித்தாரா, சறுக்கினாரா?

செந்தில்: அமெரிக்க மதுவிலக்குக் காலத்து சிகாகோ தாதா அல் கபோனைப் பிடித்த அதிகாரி என்றுதான் நெஸ்ஸை எல்லோரும் சொல்கிறார்கள். கபோனை உள்ளே தள்ளியது வருமான வரி வழக்கு. அது வரித்துறையின் வேலை. நெஸ் குழு உடைத்தது கள்ள பீர் ஆலைகளை. என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை அப்புறம்தான். 1935 டிசம்பரில் மேயர் ஹரால்ட் பர்ட்டன் அவரை ஒஹாயோ மாநிலத்து கிளீவ்லாந்து நகரத்தின் பொதுப் பாதுகாப்பு இயக்குநராக நியமித்தார். வயது 32. போலீஸ், தீயணைப்பு இரண்டும் அவர் பொறுப்பு. மாமூல் வாங்கிய போலீஸ் அதிகாரிகளுக்கு எதிராகத் தானே அலைந்து சாட்சி திரட்டி, சிறைக்கு அனுப்பினார். போலீஸ் பயிற்சிப் பள்ளி, ரேடியோ பொருத்திய ரோந்து கார்கள், போக்குவரத்துக்குத் தனிக் கவனம் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை.

மாலதி: எல்லாம் சரி சார், அதே நகரத்தின் கிங்ஸ்பரி ரன் பள்ளத்தாக்குப் பகுதியில் நடந்த தொடர் கொலைகளை ஏன் விட்டுவிட்டீர்கள்? தலையும் கை கால்களும் வெட்டப்பட்ட உடல்கள் வருஷக்கணக்கில் கிடைத்தன. அதிகாரபூர்வக் கணக்கே 12. கொலையாளி கடைசிவரை நீதிமன்றம் ஏறவில்லை. 1938 ஆகஸ்டில் இவர் என்ன செய்தார்? ராத்திரியோடு ராத்திரியாக அங்கிருந்த குடிசைகளுக்குள் புகுந்து, வேலையில்லாமல் ஒதுங்கிக் கிடந்தவர்களைப் பிடித்துப்போய்க் கைரேகை எடுத்தார். குடிசைகளைக் கொளுத்த வைத்தார். தீயணைப்புத் துறையும் தன் கையில் இருக்கும்போது!

செந்தில்: கொடூரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பலியானவர்களில் பலர் அந்த மாதிரி விளிம்பில் வாழ்ந்தவர்கள். கைரேகை இருந்தால் அடுத்த உடலையாவது அடையாளம் காணலாம் என்று நினைத்திருக்கலாம். அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் புதிய பெயர் சேரவில்லை என்பதையும் பாருங்கள்.

மாலதி: கொலை நின்றது கொளுத்தியதால்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? பட்டியலில் பெரும்பாலானோருக்குப் பெயரே தெரியாது, அது வேறு. பொருளாதார மந்தத்தில் தெருவுக்கு வந்தவனிடம் மிச்சமிருந்த தகரக் கூரையையும் எரிப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? அப்போதே பத்திரிகைகள் அவரைக் கிழித்தன.

பழையகோப்பு: நடுவில் வருகிறேன். அவர் பதவியைக் காலி செய்தது இது இல்லையே. 1942 மார்ச்சில், குடித்துவிட்டு விடியற்காலையில் வண்டி ஓட்டி, பனி உறைந்த சாலையில் இன்னொரு காரில் மோதினார். தான் யார் என்று சொல்லாமல் கிளம்பிவிட்டார். கார் எண் காட்டிக்கொடுத்தது. சாலைப் பாதுகாப்புக்கு நகரம் பாராட்டு வாங்கக் காரணமான அதே மனிதர்! ஏப்ரல் முடிவில் ராஜினாமா.

செந்தில்: ஒரு ராத்திரியை வைத்து ஆறு வருஷத்தை அழிப்பீர்களா? அந்த நகரத்தில் மாமூல் எப்படி ஓடியது என்று தெரிந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்.

மாலதி: ஊர்க்காரர்களுக்குத் தெரியுமே. 1947இல் மேயர் தேர்தலில் நின்றார், தாமஸ் பர்க்கிடம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்.

செந்தில்: பர்க் பதவியில் இருந்த மேயர். நெஸ் ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர். அந்த ஓட்டைக் குடிசை எரிப்புக்கான தீர்ப்பாக எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?