தென் லண்டன் சட்டன் தமிழர் நடைக் குழு: சனிக்கிழமை பொக்ஸ் ஹில் மலை நடை

வியாழன்

[மாலை 7:42] கவின் அம்மா: சனிக்கிழமை பாக்ஸ் ஹில் உறுதிதானே அண்ணா? நாங்க பெரியவங்க ரெண்டு, பசங்க ரெண்டு (8, 11). திருச்சி மாமாவும் வர்றார். ரயிலா, காரா?

[7:45] பாலா அண்ணை: உறுதி. நடக்கிற ஆக்களுக்கு றெயின்தான் சுகம். சட்டனில ஏறினா எப்சம், லெதர்ஹெட் தாண்டி "பொக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள்" எண்ட சின்ன ஸ்டேசன். அரை மணித்தியாலம் மட்டில. டோர்க்கிங் போற றெயின் எல்லாம் அதில நிக்கும் எண்டு நம்பி ஏறாதேங்கோ, பலகையில அந்தப் பேர் இருக்கா எண்டு பாருங்கோ.

[7:46] பாலா அண்ணை: லண்டன் பயண அட்டை ஒயிஸ்டர் எப்சத்தோட சரி. அங்கால அது செல்லாது.

[7:49] ரேணு: கவின் அம்மா, நீங்கள் ஃபமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் றெயில்கார்ட்டில வாங்கோ. 5 இலிருந்து 15 வயசுக்குள்ள ஒரு பிள்ளையாவது கூட வரவேணும். பெரியாக்களுக்கு மூண்டில ஒரு பங்கு குறையும், பிள்ளையளுக்கு 60 வீதம். ஒரு கார்டில 4 பெரியாக்கள், 4 பிள்ளையள் வரைக்கும் போகலாம். பிள்ளையள் இல்லாதவை மூண்டு பேர் சேந்தா குரூப்சேவ் எண்ட குழுக் கழிவு எடுக்கலாம். ரெண்டையும் ஒண்டாப் போடேலாது.

[7:55] திருச்சி மாமா: படி எத்தனை தம்பி? இடது முழங்கால் மடக்கினா வலி. சமதளத்துல எவ்வளவு தூரம்னாலும் நடந்துடுவேன்.

[8:03] பாலா அண்ணை: மாமா, மலையடியில மோல் ஆத்தங்கரையில இருந்து சலமன்ஸ் காட்சிமேடைக்கு ஏறுற பாதையில 270 சொச்சம் படி. ஆத்துமட்டம் ஒரு 45 மீற்றர், மேடை 172 மீற்றர். எண்டா கிட்டத்தட்ட 130 மீற்றர் ஏத்தம், அதுவும் ஒரே மூச்சில. படி எல்லாம் ஒரே உயரமும் இல்லை. மரச்சட்டம் போட்டு உள்ளுக்க மண் நிரப்பினது, மண் கழுவுப்பட்ட இடத்தில ஒரு படி இரண்டு படி உயரம் வரும். உங்களுக்கு அது வேண்டாம்.

[8:05] ரேணு: மாமா என்னோட காரில வாங்கோ. உச்சியில, மலையைப் பராமரிக்கிற நஷனல் ட்ரஸ்ட் அமைப்பின்ர கார் பார்க் இருக்கு. உறுப்பினருக்குக் காசில்லை, மற்றாக்கள் கட்டவேணும். அங்க இருந்து மேடைக்குச் சில நிமிசம், நல்லாப் போட்ட பாதை. பிறாமும் உருளும். ஆனா 10 மணிக்கு முதலே போயிடுவம், பிந்தினா இடம் கிடைக்காது. மலையடியில பேர்ஃபோர்ட் பாலத்தடிக் கார் பார்க்கை நினைக்கவே வேண்டாம், வார இறுதியில மோட்டார்சைக்கிள்காரர் நிறைஞ்சு போடுவினம்.

[8:08] ரேணு: உச்சிக்கு ஏறுற ஜிக்ஜாக் ரோட்டில கவனமா ஓடவேணும். 2012 ஒலிம்பிக்கில ஆம்பிளையளின்ர சைக்கிள் போட்டி அந்த ரோட்டை 9 தரம் சுத்தினது. அதில இருந்து சனி, ஞாயிறு எண்டா சைக்கிள்காரர் வரிசை வரிசையா ஏறுவினம். வளைவில முந்தப் போகாமல் பின்னாலயே மெதுவா வரவேணும்.

[8:10] திருச்சி மாமா: ரொம்ப சந்தோஷம்மா. மேலே உங்களுக்காகக் காத்திருக்கேன்.

[8:14] கவின் அம்மா: நாங்க படியில வர்றோம். பசங்க ஆத்துல கல்லு மேல தாண்டிப் போகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. செவ்வாய்லேர்ந்து மழையா பெய்யுதே, போகலாமா?

[8:26] பாலா அண்ணை: அதைச் சனி காலமைதான் சொல்லலாம். ஏனெண்டு சொல்லுறன். மோல் ஆறு கட்விக் பக்கத்துக் களிமண் நிலத்தில இருந்து வருது. களி தண்ணியை உறிஞ்சாது, விழுந்த மழை அப்பிடியே வாய்க்காலுக்கும் ஆத்துக்கும் ஓடி வரும். அதால டோர்க்கிங்கில மழை விட்டு வெயில் எறிச்சாலும் ஆறு ஏறிக்கொண்டே இருக்கும். கனபேர் வானத்தைப் பாத்திட்டுப் போய் ஏமாறுறது இதிலதான்.

[8:29] பாலா அண்ணை: மொத்தம் 17 கல்லு. கல்லின்ர மேல்முகம் காய்ஞ்சு சாம்பல் நிறமாத் தெரிஞ்சா போகலாம். முகம் கறுத்து மினுங்கினா, தண்ணி அண்மையில மேலால போயிருக்கு, பாசி வழுக்கும். தண்ணி கல்லில மோதி விளிம்பால ஏறி வழிஞ்சுதோ, அண்டைக்கு இல்லை. ஒரு கல்லு மறைஞ்சாலே எல்லாம் மறைஞ்ச மாதிரித்தான். "மற்ற 16உம் தெரியுது" எண்டு ஒருத்தரும் இறங்கக்கூடாது. முழங்கால் தண்ணியே அந்த இழுவையில பிள்ளையைச் சரிச்சுப் போடும்.

[8:31] ரேணு: கொஞ்சம் கீழ்நீரோட்டப் பக்கம் நடைபாலம் இருக்கு, ரெண்டாம் யுத்தத்தில இறந்த நடைக்காரரின்ர நினைவாக் கட்டினது. ஆறு ஏறினா அதால போவம். பாலம் திறந்திருக்கா எண்டு வெள்ளி இரவு நஷனல் ட்ரஸ்ட் தளத்தில பாக்கிறன், பராமரிப்புக்கு மூடுறதும் உண்டு.

[8:33] கவின் அம்மா: அந்தக் கல்லெல்லாம் ரொம்பப் பழசா?

[8:36] பாலா அண்ணை: இப்ப இருக்கிறது 1946இல போட்டது. யுத்தக்காலத்தில எதிரி தாண்டக்கூடாது எண்டு முந்தின கல்லுகளை அழிச்சவை. பிறகு உள்துறை மந்திரி சூட்டர் ஈட் தன்ர காசில திரும்பப் போடுவிச்சார், பிரதமர் அட்லி வந்து திறந்து வைச்சவர்.

[8:41] பாலா அண்ணை: இனி வழி. ஸ்டேசனால வெளிக்கிட்டு வெஸ்ட்ஹம்பிள் தெருவால இறங்கினா ஏ24 வரும். ரெட்டைப் பாதை, கார் பறக்கும். நேர தாண்டினா கிட்ட எண்டு அதில நிக்காதேங்கோ. பேர்ஃபோர்ட் பாலத்தடியில நிலத்துக்குக் கீழால சுரங்கப்பாதை இருக்கு. அதால மற்றப் பக்கம் போய், ரோட்டோரமாத் தெற்க வந்தா கல்லடிக் கார் பார்க். அங்க இருந்து ஆத்துக்கு ரெண்டு நிமிசம். பத்து நிமிசம் கூடும், ஆனா அந்த ரோட்டைப் பிள்ளையளோட குறுக்கால கடக்க நான் விடமாட்டன்.

[8:48] கவின் அம்மா: சரிண்ணா, சுரங்கப்பாதைதான். ஷூ என்ன போடணும்? பசங்ககிட்ட ஸ்கூல் ட்ரெயினர்தான் இருக்கு.

[8:57] பாலா அண்ணை: அடிப்பக்கம் என்னெண்டு பாருங்கோ. தட்டையான அடி எண்டால் வேண்டாம். விரல் நகம் புகுற அளவுக்குப் பள்ளம் வெட்டின அடி வேணும். அந்த மலை முழுக்க வெண்கட்டி.

[8:58] கவின் அம்மா: வெண்கட்டின்னா? சாக்பீஸா?

[9:06] பாலா அண்ணை: ஓம், அதே கல்லுத்தான், நோர்த் டவுன்ஸ் முழுக்க. காய்ஞ்சிருந்தா அருமையான பிடி. நனைஞ்சா மேல மெல்லிய வெள்ளைக் கூழ் படரும். நவம்பரில அதுக்கு மேல பீச் இலையும் விழும். சவுக்காரத்தில மிதிச்ச மாதிரி. அதைவிட மோசம் மரவேர்: ஆயிரம் சப்பாத்து தேய்ச்சுப் பளபளப்பா இருக்கும். வேருக்கு மேல மிதிக்காமல் அதைத் தாண்டி மண்ணில மிதியுங்கோ. ஏறேக்க குதியைத் தூக்கி முன்பாதத்தில நிக்காமல் முழுப் பாதமும் பதியவேணும்.

[9:09] ரேணு: ஜீன்ஸ் வேண்டாம். நனைஞ்சா பாரம், காயாது, மேல காத்தில காலை விறைக்க வைக்கும். பருத்தி மேசும் அப்பிடித்தான், ஈரம் பிடிச்சுக் குதியில கொப்புளம் போடும். கம்பளி மேசு, மாத்த இன்னொரு சோடி பையில.

[9:15] கவின் அம்மா: எவ்வளவு நேரம் ஆகும்? பசங்களுக்கு மதியச் சாப்பாடு எப்ப?

[9:24] ரேணு: 1892இல ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இண்டைக்கும் சரி வரும். 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோட ஒவ்வொரு 600 மீற்றர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். எங்கட சுத்து 5 கிலோமீற்றர் மட்டில, ஏத்தம் 130. எண்டா 1 மணி 13 நிமிசம். அது நிக்காமல் நடக்கிற பெரியாளின்ர கணக்கு. பிள்ளையள், ஈரம், படம் எடுக்கிறது எல்லாத்துக்கும் ரெண்டால பெருக்குங்கோ. 10 மணிக்குத் துவங்கினா 12:30.

[9:26] ரேணு: நாலே காலுக்கெல்லாம் சூரியன் விழுந்திடும், மரத்துக்குக் கீழ அதுக்கு முதலே இருள். எப்பிடியும் 3 மணிக்குக் கீழ நிக்கவேணும். ஆளுக்கொரு சின்ன ரோர்ச்.

வெள்ளி

[காலை 8:12] திருச்சி மாமா: இறங்கறதும் அதே படிதானா? ஏறறதைவிட இறங்கறதுதான் முழங்காலுக்கு ஆகாது, அதனால கேக்கறேன்.

[8:30] பாலா அண்ணை: சரியாச் சொன்னியள் மாமா. அதாலதான் படியால ஏறி வேற வழியால இறங்குறம். உச்சிச் சிற்றுண்டிச்சாலைக்கு மேற்க பேர்ஃபோர்ட் ஸ்பர் எண்டு திறந்த புல்முகடு. இறங்கேக்க இடக்கைப் பக்கம் மோல் பள்ளத்தாக்கு, வலக்கைப் பக்கம் ஜிக்ஜாக் ரோட். நேர பேர்ஃபோர்ட் பாலத்தில, சுரங்கப்பாதையடியில வந்து முடியும். தூரத்தில ஸ்டேசன் பக்கமும் டென்பீஸ் திராட்சைத் தோட்டமும் தெரியும், வழி தவற இடமில்லை.

[8:33] பாலா அண்ணை: ஆனா ஈரப் புல்லும் வழுக்கும். நடுவில தேய்ஞ்ச வெள்ளைத் தடத்தை விட்டு, ஓரத்துக் கட்டைப்புல்லில நடவுங்கோ. நேர இறங்காமல் இடமும் வலமுமா வளைஞ்சு வளைஞ்சு. முழங்கால் கொஞ்சம் மடிஞ்சிருக்க, சின்ன எட்டு. கைத்தடி இருந்தா ஏறேக்கயைவிட இறங்கேக்க கொஞ்சம் நீட்டிப் பிடியுங்கோ.

[8:41] கவின் அம்மா: மேலே போனதும் நிறைய பாதை பிரியும்னு சொன்னீங்களே, எதைப் பாத்து வரணும்?

[8:52] ரேணு: மஞ்சள் அம்பு நடைக்காரருக்கு மட்டும். நீல அம்பில குதிரையும் சைக்கிளும் வரும், பிள்ளையளை ஓரமா நிப்பாட்டுங்கோ. ஏகோர்ன் (ஓக் மரத்துக் காய்) படம் போட்டது நோர்த் டவுன்ஸ் வே, ஃபார்ன்ஹமில இருந்து டோவர் வரை 153 மைல் போற பாதை. படியால ஏறேக்க அந்தக் காய் கூடவே வரும். பிழை நடக்கிறது மேடையில: பழக்கத்தில அதையே பிடிச்சுக்கொண்டு கிழக்க பெச்வேர்த் பக்கம் போயிடுவினம். மேடையோட காயை விட்டிட்டுச் சிற்றுண்டிச்சாலைக்கு வரவேணும்.

[8:55] ரேணு: ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் 146 வரைபடம் என்னட்ட இருக்கு. போனில பாக்கிறவை இண்டைக்கே இறக்கி வையுங்கோ, ஆத்துப் பள்ளத்துக்க சிக்னல் விட்டு விட்டுத்தான். குளிரில பற்றரியும் கெதியா இறங்கும். போனை உள்சட்டைப் பையில வைச்சிருங்கோ.

[9:02] ரேணு: "ரெஜிஸ்டர்" எண்டு ஆங்கிலத்தில எழுதி அவசர உதவி இலக்கம் 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, வாற பதிலில சொல்லுறபடி செய்து பதிஞ்சு வையுங்கோ. பேசச் சிக்னல் காணாத இடத்திலயும் சில நேரம் எழுத்துப் போகும். முதலே பதியாட்டி அந்த நேரத்தில உதவாது.

[12:20] பாலா அண்ணை: பிள்ளையளுக்கு ரெண்டு விசயம் வடிவாச் சொல்லி வையுங்கோ. படிப் பக்கம் யூ மரம் நிறைய. கரும்பச்சை ஊசியிலை, சின்னச் சிவப்புக் கிண்ணம் மாதிரிப் பழம், உள்ளுக்க கறுப்பு விதை. பாக்க இனிப்புப் போலத்தான் இருக்கும். விதையும் இலையும் கடும் நஞ்சு. ஒண்டும் வாயில வைக்கக்கூடாது.

[12:23] பாலா அண்ணை: மற்றது மாடு. நடுவில வெள்ளைப் பட்டை போட்ட கறுப்பு மாடு மேயும், பெல்டட் கலோவே. சாதுதான். ஆனா தாய்க்கும் கண்டுக்கும் நடுவால ஒருத்தரும் போகவேண்டாம், சுத்தி வாங்கோ. படலை திறந்து கிடந்தா திறந்தபடி, பூட்டிக் கிடந்தா பூட்டினபடி விடுங்கோ.

[12:30] கவின் அம்மா: பசங்ககிட்ட யூ மரப் படம் காட்டிட்டேன். மழை நிக்கலைன்னா மாத்து ஏற்பாடு இருக்கா?

[12:44] பாலா அண்ணை: இருக்கு. லீத் ஹில். டோர்க்கிங்குக்குத் தென்மேற்க, 294 மீற்றர், உச்சியில 18ஆம் நூற்றாண்டுக் கோபுரம். அது வெண்கட்டி இல்லை, மணற்பாறை. தண்ணி கீழ இறங்கிப் போகும், மழைக்கு அடுத்த நாளும் கால் நிக்கும். ஈர நாளில பொக்ஸ் ஹில்லைவிட எனக்கு அதுதான் நம்பிக்கை. என்ன, றெயினில்லை. எல்லாரும் காரில போகவேணும், ரெண்டு கார் காணும்.

[12:47] திருச்சி மாமா: கார்ல என் இடத்தைப் பசங்களுக்குக் கொடுத்துடலாம். எனக்கு இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

[12:49] ரேணு: இல்லை மாமா, இடம் இருக்கு. நீங்கள் வாறியள்.

[மாலை 9:05] ரேணு: நடைபாலம் பாத்தன், மூடல் அறிவித்தல் ஒண்டும் இல்லை.

[9:11] கவின் அம்மா: இட்லி 30, மிளகாய்ப்பொடி தடவி எடுத்துட்டு வர்றேன். ஃப்ளாஸ்க் ரெண்டு. குப்பைக்குப் பையும் போட்டுக்கிறேன்.

[9:14] பாலா அண்ணை: நல்லது. காலமை 7 மணிக்குச் சுற்றுச்சூழல் முகமைத் தளத்தில டோர்க்கிங் ஆத்துமட்டத்தைப் பாத்து இதில போடுறன். முதல் நாளைவிட இறங்கியிருந்தா கல்லடிக்குப் போய்ப் பாப்பம், அங்க கல்லின்ர முகம்தான் முடிவு. ஏறிக்கொண்டிருந்தா நடைபாலம். மழையும் விடாட்டி 8 மணிக்கு ரேணு வீட்டடியில கார்.